டோம்பிவிலியில் குடியிருந்த செய்யதலி பாத்திமா

1

இந்த வருஷம் எங்கள் கல்யாண நாளன்று பிரியாணியைத் தம்மில் போட்ட நேரம் பார்த்து கேஸ் தீர்ந்துபோனது. என் வீட்டுக்காரர் மீரான் என்னை ஒரு பார்வை பார்த்தார், சிலிண்டரை நான்தான் குடித்துத் தீர்த்த மாதிரி. மேலப்பாளையத்தில் இந்த ஊர் மலரைப் படிக்கும் உங்களுக்குத் தாராவி என்றால் சாக்கடையும் நெரிசலும்தான் ஞாபகம் வரும். எங்கள் சந்தில் ஒரு வீட்டு அடுப்பு அணைந்தால் எதிர்வீட்டு அடுப்பு கை நீட்டும் தூரத்தில் இருக்கிறது, அதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பிரியாணித் தேக்சாவை அப்படியே தூக்கி அங்கே ஏற்றினோம். சாப்பிட அவர்களையும் கூப்பிட்டோம். நாள் நல்லபடியாகத்தான் முடிந்தது.

மறுநாள் போனில் சிலிண்டர் பதிவு செய்தால் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப ஏஜென்சிக்கு வரச் சொன்னது. நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "மேடம், ஆப்கே நாம் பே தோ கனெக்‌ஷன் ஹை. ஏக் இதர், ஏக் டோம்பிவிலி மே," என்றார். என் பெயரில் இரண்டு இணைப்பாம், ஒன்று டோம்பிவிலியிலாம்.

நான் டோம்பிவிலிக்கு ஒரே ஒரு தடவை ஒரு நிக்காஹுக்குப் போயிருக்கிறேன். அன்றைக்கும் ரயில் கூட்டத்தில் இறங்க முடியாமல் கல்யாண் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வந்தேன். அந்த ஊரில் எனக்கு எதற்கு அடுப்பு? "வேற யாராவது இருக்கும், பேர் ஒண்ணா இருக்கும்," என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், என் பிறந்த தேதி, என் ஆதார் எண்ணின் கடைசி இலக்கங்கள். அதற்குக் கீழே நான் கேள்விப்பட்டே இராத ஒரு கட்டடத்தின் விலாசம்.

என் பெயர் செய்யதலி பாத்திமா. முழுவதும் என் பெயர்தான். ஆனால் மும்பைக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு அலுவலகமும் இதைக் கூறு போட்டுத்தான் எழுதுகிறது. 'செய்யது' குடும்பப் பெயராம், 'அலி' என் வாப்பாவாம், பாக்கி இருக்கும் பாத்திமா மட்டும் நானாம். 'அலி உங்கள் கணவரா' என்று கேட்டவர்களும் உண்டு. அதில் எரிச்சல் இருந்தாலும், இத்தனை பெரிய பட்டணத்தில் இந்தப் பெயர் எனக்கு மட்டும்தான் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் இருந்தது. அந்தக் கவுண்டரின் முன்னால் நின்றபோது கர்வம் போன இடம் தெரியவில்லை.

2

இதில் என்ன குடி முழுகிவிட்டது, ஒரு இணைப்பை ரத்து செய்தால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மீரான்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, அடுத்த வாரம் கணக்கெடுக்க வாராவ. டோம்பிவிலில வீடு இருக்குன்னு எழுதிட்டாம்னா நாம எங்க போக?"

எங்கள் பகுதியை இடித்துவிட்டுக் கட்டப் போகிறார்கள். சந்து சந்தாக வந்து, யார் நிஜமாக இங்கே குடியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போகிறார்கள். ஒரு கட்டிலும் ஒரு பரணும் கொண்ட எங்கள் அறை என் பெயரில் இருக்கிறது. மாமனார் கடைசிக் காலத்தில் அப்படித்தான் மாற்றிக் கொடுத்தார். அந்த அறைக்குப் பதில் நாளை ஒரு வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பது, செய்யதலி பாத்திமா தாராவியில்தான் வாழ்கிறாள் என்று நிரூபிப்பதில் இருக்கிறது. வெளியே வீடு இருக்கிறவர்கள் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று சந்தில் ஒரு பேச்சு. அது நிஜமா என்று எனக்குத் தெரியாது. பயத்துக்கு அது போதும்.

மீரான் தோல் பைப் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். கத்தி பிடித்தால் கை ஆடாத மனுஷர். அன்றைக்கு அவர் பட்டறைக்குப் போகாமல் வீட்டுக் காகிதங்களை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.

3

எங்கள் மகள் சமீனா செம்பூரில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் 'உம்மா' என்றவள் இப்போது 'மம்மி' என்கிறாள். தமிழில் திட்டினால் இந்தியில் பதில் வரும். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள், அதுவும் கடைப் பலகை என்றால்தான். ஊர் மலருக்கு நான் எழுதுகிற இந்தக் கட்டுரையையும் அவள் படிக்கப்போவதில்லை. அதனால் அவளைப் பற்றித் தைரியமாக எழுதுகிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் பதறவில்லை. போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவர் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று காட்ட அரசாங்கத் தளம் ஒன்று இருக்கிறதாம். அதில் என் பெயரில் எங்களுக்குத் தெரியாத ஒரு நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. 'இது என் நம்பர் இல்லை' என்று அங்கேயே பதிந்தாள். பிறகு என் ஆதாரில் விரல் ரேகையைப் பூட்டினாள். அப்படிப் பூட்ட முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாமே திறந்தால் ஒழிய யாரும் என் ரேகையை வைத்து எதுவும் செய்ய முடியாதாம். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தாள். "மம்மி, இனிமே யார் கேட்டாலும் இதுதான் குடுக்கணும். ஜெராக்ஸ் குடுத்தா அது மேலயே எதுக்குன்னு எழுதி, தேதி போட்டு, சைன் பண்ணு. சம்ஜா?"

சம்ஜா, புரிந்தது. ஆனால் என் கார்டு வெளியே போனது எப்படி? அதையும் அவள்தான் கேட்டாள். "யாருக்கெல்லாம் அனுப்பின?"

நான் யாருக்கும் அனுப்பவில்லை என்று சத்தியம் செய்யப் போனேன். அவள் என் போனை வாங்கி, எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸப் குழுவைத் திறந்து காட்டினாள்.

உங்களுக்கே தெரியும். வருஷா வருஷம் பெரிய லீவுக்கு முன்னால் மும்பையில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் மொத்தமாக டிக்கெட் போடுவது வழக்கம். டிக்கெட்டுக்குப் பெயரும் வயதும் சொன்னால் போதும். ஆனால் செய்யதலி பாத்திமாவையும் முகம்மது மைதீன் பிச்சையையும் இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று யாருக்கும் பயம். எழுத்து மாறினால் ரயிலில் இறக்கிவிடுவார்கள் என்று ஒருத்தர் எப்போதோ சொல்லிவைத்தார். அதனால் நாங்கள் எல்லோரும் ஆதாரை முன்னும் பின்னும் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுவோம். பிள்ளைகளின் கார்டு, மாமியாரின் கார்டு, போன வாரம் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவன் கார்டு, எல்லாம் அங்கே கிடக்கும். கூடவே ஒரு பூப்படம், 'ஜஸாக்கல்லாஹ் காக்கா' என்று டிக்கெட் போடுகிற அண்ணனுக்கு ஒரு நன்றி.

அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று சமீனா ஓட்டிக் காட்டினாள். எனக்குப் பாதிப் பேரைத் தெரியவில்லை. வேலை மாறிப் போனவர்கள், போனை விற்றவர்கள், யாரோ சேர்த்துவிட்டு மறந்துபோன ஆட்கள். பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்த என் கார்டு வருஷக்கணக்காக அத்தனை பேர் சட்டைப் பையிலும் இருந்திருக்கிறது.

4

ஞாயிற்றுக்கிழமை நானும் மீரானும் சயான் ஸ்டேஷனில் லோக்கல் பிடித்து டோம்பிவிலி போனோம். நேரே போலீஸுக்குப் போகலாம் என்றுதான் அவர் சொன்னார். என் பெயரில் யார் சோறு பொங்குகிறார்கள் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எதுவும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். வழி நெடுகப் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். நல்ல வார்த்தை ஒன்றும் அதில் இல்லை.

கட்டடத்தின் மாடிப்படியில் ஒரு மராட்டி அம்மாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். மீரான் விலாசத்தைக் காட்டினார்.

"பாத்திமா தாயியா? அதோ எதிர்க் கதவு. நல்ல பொண்ணு," என்றார் இந்தியில். மராட்டியில் தாயி என்றால் அக்கா.

நான் உயிரோடு அங்கே நிற்கிறேன். என் பெயரைச் சொல்லி, நல்ல பெண் என்று சான்றிதழும் கொடுத்து, வேறொரு கதவைக் காட்டுகிறார் ஒருத்தர். கதவைத் தட்டினேன். முப்பத்தைந்து, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி தலையில் துப்பட்டாவோடு திறந்தாள்.

"யாரு வேணும்?" நல்ல தென்காசிப் பக்கத்துத் தமிழ்.

"செய்யதலி பாத்திமா வேணும்," என்றேன்.

"நாந்தான்."

கை ஓங்கிவிட்டேன். மீரான் பிடித்துக்கொண்டார். "நீ செய்யதலி பாத்திமான்னா அப்ப நான் யாருட்டி? எவ பேருல எவ அடுப்பு பத்த வைக்கது? என் வீட்டைப் பிடுங்கப் பாக்கியா?" என்று நான் கத்தியதில் கொத்தமல்லி அம்மாள் எழுந்தே வந்துவிட்டார்.

அவள் என்னையே பார்த்தாள். பயந்த பார்வையாக அது இல்லை. பேயைப் பார்க்கிறவள் அப்படித்தான் பார்ப்பாள். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"லாத்தா, நீங்க மவுத்தாயிட்டீங்கன்னுல்லா சொன்னான்."

நான் செத்துப்போனதாக யார் சொன்னது என்று எனக்குப் புரியவில்லை. லாத்தா, அக்கா என்று முறை வைத்தே மறுபடி சொன்னாள். ரூமுக்குப் புரோக்கராக வந்தவன் போனைத் திறந்து ஆதார் கார்டுகளாகத் தள்ளிக் காட்டினானாம். "சேலைக் கடைல டிசைன் காட்டுத மாதிரி காட்டுனான் லாத்தா. நம்ம பக்கத்துப் பேரா, வயசு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கதா உங்களதை எடுத்தான். இந்தம்மா செத்துப்போச்சி, யாருக்கும் நஷ்டம் இல்லன்னான்."

என்னைச் சாகடித்ததை இத்தனை சாதாரணமாக ஒருத்தி என்னிடமே சொல்கிறாள். அவள் அழுதுகொண்டே சொன்ன அடுத்த விஷயத்தில் என் கோபத்துக்கே கால் ஒடிந்துவிட்டது.

"உங்க பேரை வச்சுதான் பொழைக்கேன்னு வெள்ளிக்கிழம தவறாம உங்களுக்கு யாசீன் ஓதி துஆ செய்யுதேன் லாத்தா."

இறந்துபோனவர்களுக்காக நாம் குர்ஆனிலிருந்து ஓதுகிற யாசீன். என் உம்மாவுக்கு நான் எத்தனை வெள்ளிக்கிழமை விட்டிருக்கிறேன்! எனக்கு, உயிரோடு தாராவியில் புர்கா தைத்துக்கொண்டிருக்கும் எனக்கு, டோம்பிவிலியில் ஒருத்தி வாரம் தவறாமல் ஓதிக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் வாசலிலேயே நானும் உட்கார்ந்தேன். மீரான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

5

அவள் பெயர் ரஹ்மத். கல்யாணமாகி இதே மும்பையில் கோவண்டிக்கு வந்தவள். புருஷன் அடிக்கிறவன். அவன் வேலைக்குப் போன நேரத்தில் கட்டிய துணியோடு வெளியேறியிருக்கிறாள். அவளுடைய ஆதார் அவன் பெட்டியில். சரி, நகல் எடுத்துக்கொள்ளலாமே என்றால் அதற்கு ஓடிபி வேண்டும். ஓடிபி போகிற நம்பர் அவனுடையது. கார்டு இல்லாமல் இந்தப் பட்டணத்தில் ரூம் இல்லை, சிம் இல்லை, அடுப்பு இல்லை. உண்மைப் பெயரைச் சொன்னால் அவன் ஆட்கள் தேடி வந்துவிடுவார்கள் என்ற பயம் வேறு.

ஊர் என்றால் இது நடக்குமா என்று திரும்பி வரும்போது ரயிலில் மீரான் கேட்டார். நடக்காதுதான். மேலப்பாளையத்தில் என் பெயரை யாரும் திருட முடியாது, தெருமுனை டீக்கடையிலேயே பிடிபட்டுவிடுவார்கள். ஆனால் ரஹ்மத் அங்கே ஒளியவும் முடியாது. பொழுது சாயுமுன் பெரியவர்கள் நாலு பேர் கூடி, பொறுத்துப் போ என்று சொல்லி அந்த மனுஷனிடமே கொண்டுபோய் விட்டிருப்பார்கள். ஊரைப் பற்றி ரொம்பப் பெருமை பேச எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் சமீனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்று சொன்னாள். "ஓடிபி ஜிஸ்கே பாஸ் ஜாத்தா ஹை, வஹீ தும் ஹோ, மம்மி." உன் ஓடிபி யாருக்குப் போகிறதோ அவர்தான் நீ. சொல்லிவிட்டு, என் ரேகையைப் பூட்டிய அன்று ஓடிபி வந்த போன் யாருடையது என்று கேட்டாள். மீரானுடையது. மீரான் தங்கமான மனுஷர், அது வேறு விஷயம். அதற்காக நான் அவர் ஆகிவிட முடியுமா? இதைப் படிக்கிற பெண்கள் இப்போதே எழுந்துபோய், உங்கள் கார்டு யார் பெட்டியில் இருக்கிறது, அதில் இருப்பது யார் நம்பர் என்று பாருங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

குழுவில் நடந்ததை எழுதி, எல்லோரும் படங்களை அழியுங்கள், டிக்கெட் போடுகிறவருக்கு மட்டும் பெயரைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்று கேட்டேன். 'அல்லாஹ் பாதுகாப்பானாக' என்று வரிசையாக வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருத்தர், 'எங்கள் வீட்டுக்கு ஐந்து டிக்கெட்' என்று ஐந்து கார்டையும் முன்னும் பின்னும் போட்டார். அவரை என்ன சொல்வது? போன் செய்து வாய்க்கு வந்தபடி பேசினேன். அழித்தார்.

6

என் அறையைக் காப்பாற்ற எனக்கு ஒரே வழிதான் இருந்தது. நான் டோம்பிவிலியில் இல்லை, என் பெயரில் இருந்தது வேறொருத்தி என்று அந்த வேறொருத்தியே போலீஸில் சொல்ல வேண்டும். அதற்கு அவள் தன் நிஜப் பெயரில் வெளியே வர வேண்டும். இதைக் கேட்க எனக்கு நாக்கு கூசியது. ஆனாலும் கேட்டேன். எனக்கும் வேறு வீடு இல்லையே.

"புகார் அந்தப் புரோக்கர் மேலதான். உன் மேல இல்ல. ஆனா நீ வந்து சொல்லாட்டி நாங்க நடுத்தெருவுல," என்றேன் போனில்.

"என் பேரைச் சொன்னா எம் புருஷன் வந்துருவானே லாத்தா."

"வரட்டும். அப்ப நீ தனியாவா நிப்ப?" கோபத்தில்தான் சொன்னேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியவில்லை.

போலீஸுக்குப் போகுமுன் சமீனா அவளை ஒரு ஆதார் சேவை மையத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். கார்டு கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விரலை வைத்தால் நம்பரை மாற்றிக்கொள்ளலாம் என்றாள். அந்த வரிசையில் ரஹ்மத் என் புர்கா நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். முதல் தடவை ரேகை பதியவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் வழவழவென்று ஆகியிருந்தது. கையைத் துடைத்து மறுபடி அழுத்தினாள். இயந்திரம் பச்சை காட்டியது. பழைய நம்பர் போய், சமீனா வாங்கிக் கொடுத்த புது சிம்மின் நம்பர் ஏறியது. கொடுத்த ரசீதில் அவளுடைய பெயர் இருந்தது. அவள் அதை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

போலீஸ் நிலையத்தில் எங்களை ஒரு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே இருந்த பெண் அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார். புருஷனைப் பற்றியும் தனியாக எழுதிக் கொடுக்கலாம், விலாசத்தை அவனிடம் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று ரஹ்மத்திடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். முதலில் என் வாக்குமூலம், அடுத்து அவளுடையது. மீரான் வெளியே டீ வாங்கப் போயிருந்தார். ரஹ்மத் என் கையைப் பிடித்திருந்தாள், அல்லது நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

உள்ளேயிருந்து ஒரு கான்ஸ்டபிள் தாளைப் பார்த்துக்கொண்டே வந்து உரக்கக் கூப்பிட்டார்.

"செய்யத் அலி பாத்திமா!"

இரண்டு பேரும் எழுந்தோம்.

கான்ஸ்டபிள் எங்களை மாறி மாறிப் பார்த்தார். ரஹ்மத் மெல்ல என் கையை விட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் உள்ளே போகுமுன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். அந்த ரசீதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அவள் தன் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள்.